கோல் அடிக்காதவரின் தொழில்

கேரளத்தின் சாலக்குடிக்காரரான கால்பந்துப் பயிற்சியாளர் டி.கே. சாத்துண்ணி 2024 ஜூன் 12 அன்று தம் 79-ஆவது வயதில் காலமானபோது, அவர் பயிற்சியளித்த அணிகளை நாளேடுகள் வரிசையாக அடுக்கின: கேரள போலீஸ், மோகன் பகான், சல்காவ்கர், சர்ச்சில் பிரதர்ஸ், எஃப்.சி. கொச்சின், விவா கேரளா, ஜோஸ்கோ. பட்டியலின் நீளத்தை எல்லோரும் பெருமையாகவே எழுதினார்கள். பெருமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதையே இன்னொரு முறை நிதானமாகப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. நாட்டின் முதல் வரிசைப் பயிற்சியாளர்களில் ஒருவர், கால்பந்துப் பித்து தனக்குப் பிறவியிலேயே உண்டென்று மார்தட்டும் மாநிலத்தில் பிறந்தவர், அவரால் அந்த மாநிலத்தில் ஒரு கிளப்பிலும் பத்தாண்டு உட்கார முடியவில்லை. எஃப்.சி. கொச்சின் இன்று இல்லை. விவா கேரளா பெயர் மாறி, பின் அந்தப் பெயரும் இல்லாமல் போயிற்று. கிளப்புகள் கரைந்தன, பயிற்சியாளர் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். ஒரு விளையாட்டு ஓர் ஊரில் தொழிலாக நிலைத்துவிட்டதா என்று அறிய ஆட்டக்காரரின் சம்பளத்தை விசாரிப்பதுதான் வழக்கம். நான் விசாரிக்கச் சொல்வது வேறு. முப்பத்தைந்து வயதில் பூட்ஸைக் கழற்றி வைத்த பிறகு அதே விளையாட்டில், அதே ஊரில், மாதச் சம்பளத்தோடு அவருக்கு என்ன வேலை இருக்கிறது? கொச்சியில் இந்தக் கேள்விக்கு 1997-இல் பதில் இருக்கவில்லை. இன்று இருப்பது அரைகுறைப் பதில்.

சாத்துண்ணி ஆடிய காலத்தில் பின்களத்தில் நின்ற தடுப்பாட்டக்காரர். இதை ஒரு துணுக்குத் தகவலாகக் கடந்துவிடக் கூடாது. கோல் அடிப்பவருக்கு அவர் அடித்த கோலே வாழ்நாள் மூலதனம். 1973 டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் ரயில்வேயை 3-2 என வீழ்த்தி கேரளம் முதன்முறையாக சந்தோஷ் கோப்பையை வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி என்பது ஐம்பதாண்டு கழித்தும் இந்த மாநிலத்தில் பள்ளிப் பையனுக்குக்கூடத் தெரியும். ரயில்வேயின் மூன்றாவது கோல் விழாமல் கடைசிவரை காத்தவர்கள் யார் என்று கேட்டால் தலையைச் சொறிவோம். தடுப்பாட்டக்காரரின் திறமை நடக்காமல் போன நிகழ்ச்சிகளில் அடங்கியிருக்கிறது. நடக்காததற்குப் புகைப்படம் இல்லை, புள்ளிவிவரமும் அந்நாளில் இல்லை. ஆகவே ஓய்வுக்குப் பிறகு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் பிழைக்க முடியாது. ஆட்டத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததை விற்றுத்தான் பிழைக்க வேண்டும். ஒரு தொழிலின் கட்டமைப்பு எவ்வளவு உறுதியானது என்பதற்கு நட்சத்திரத்தைவிட இவரே கறாரான சோதனை. நட்சத்திரத்துக்கு எந்த அமைப்பும் இல்லாவிட்டாலும் திறப்பு விழாவுக்கு அழைப்பு வரும்.

சாத்துண்ணியின் ஆட்டக் காலத்தைப் பாருங்கள். செகந்திராபாத்தில் ராணுவத்தின் இ.எம்.இ. மையம், கோவாவில் வாஸ்கோ, பம்பாயில் ஒரு ஜவுளி நிறுவனமான ஆர்கே மில்ஸ். அந்தக் கால இந்தியக் கால்பந்தின் பொருளாதாரம் முழுவதும் இந்த மூன்று பெயர்களில் வந்துவிடுகிறது: படை, கிளப், ஆலை. கால்பந்தாட்டக்காரர் என்ற பதவி எந்தச் சம்பளப் பட்டியலிலும் கிடையாது. சிப்பாய் உண்டு, எழுத்தர் உண்டு, மேற்பார்வையாளர் உண்டு. அவர்கள் மாலையில் பந்து ஆடுவார்கள். அவருக்கு முந்தைய தலைமுறையில் இரிஞ்ஞாலக்குடையைச் சேர்ந்த ஓ. சந்திரசேகரனின் கதையும் இதுவே. எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வளர்ந்த பின்கள வீரர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். ஆனால் ஆடிச் சம்பாதித்தது பம்பாயில், கால்டெக்ஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக. 1963-இல் அவர் தலைமையில் சந்தோஷ் கோப்பையை வென்றது மகாராஷ்டிரம். கேரளத்துக்கு அதை வெல்ல இன்னும் பத்தாண்டு பிடித்தது. நல்ல தடுப்பாட்டக்காரர்களை நாம் தேங்காய் எண்ணெய் போல ஏற்றுமதி செய்தோம். வித்தியாசம், எண்ணெய்க்குக் காசாவது திரும்பி வந்தது.

பயிற்சியாளராக சாத்துண்ணி செய்தவற்றில் இரண்டு என் வாதத்துக்கு முக்கியம். 1990-இல் திருச்சூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் அவருடைய கேரள போலீஸ் அணி கோவாவின் சல்காவ்கரை 2-1 என வென்றது. கேரள அணியொன்று அந்தக் கோப்பையைத் தொட்டது அதுவே முதல் முறை. வி.பி. சத்யன், ஷறஃபலி, பாப்பச்சன், குரிகேஷ் மேத்யூ, ஐ.எம். விஜயன் என்று அந்த அணியின் பெயர்களைச் சொன்னாலே மலபாரில் இன்றும் பேச்சு நின்று கவனம் திரும்பும். அத்தனை பேரும் காக்கிச் சட்டைக்காரர்கள், தொழில்முறை ஆட்டக்காரர் என்று ஒருவரையும் அன்று யாரும் சொல்லவில்லை. அடுத்தது 1997-98. தேசிய கால்பந்து லீக் தொடங்கி இரண்டாவது பருவம். மோகன் பகானில் அமல் தத்தா தம் வைர வியூகத்தால் கொல்கத்தாவையே கிறங்கடித்திருந்தார். 1997 ஜூலையில் சால்ட் லேக் மைதானத்தில் ஏறத்தாழ 1,31,000 பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வியூகம் ஈஸ்ட் பெங்கால் அணியிடம் 4-1 என உடைந்தது. ஈஸ்ட் பெங்காலின் பாய்ச்சுங் பூட்டியா மட்டும் மூன்று கோல். அதன் பிறகு மோகன் பகானை ஏற்றவர் சாத்துண்ணி. அந்தப் பருவத்தின் லீக் பட்டம் மோகன் பகானுக்கு வந்தது. தாக்குதல் அழகில் மயங்கிய ஊருக்கு ஒரு பழைய பின்களத்துக்காரர் பட்டம் வாங்கிக் கொடுத்தார். அதைக் கேரளத்துக்கு வெளியே போய்ச் செய்தார் என்பதுதான் உறுத்துகிறது.

அதே 1997-இல் கொச்சியில் என்ன நடந்தது? ஒரு வருடம் முன்புதான் கலூரில் பெரிய ஸ்டேடியம் திறந்திருந்தது. நேரு கோப்பைப் போட்டி இந்த ஊருக்கு வந்தது. நாட்டின் முதல் முழுத் தொழில்முறைக் கிளப் என்ற அறிவிப்போடு எஃப்.சி. கொச்சின் பிறந்தது. விஜயன் வந்தார், ஜோ பால் அஞ்சேரி வந்தார், தமிழ்நாட்டிலிருந்து ராமன் விஜயன் வந்து லீக்கில் அதிக கோல் அடித்தவராகவும் ஆனார். பிறந்த வருடமே இறுதியில் மோகன் பகானை 3-1 என வென்று டுராண்ட் கோப்பையை அள்ளியது. கேரளத்துக்கு அதுவரை வசப்படாத கோப்பை அது. மறுபடி ஒரு கேரளக் கிளப் அதை வெல்ல 2019-இல் கோகுலம் வரவேண்டியிருந்தது. ஐந்தாறு வருடத்தில் எஃப்.சி. கொச்சினுக்குப் பணம் வற்றியது, சம்பளம் நின்றது, லீக்கிலிருந்து இறங்கியது, கதவைச் சாத்தியது. இதில் என்னை வியக்க வைப்பது அதன் சாவு அல்ல, கிளப்புகள் எங்கும் சாகின்றன. அது விட்டுச் சென்றதன் அளவுதான் வியப்பு. சொந்தமாக ஒரு மைதானம் இல்லை, சிறுவர் பயிற்சிக் கூடம் என்று சொல்ல ஒன்றும் நிலைக்கவில்லை, தொடர்ந்து சம்பளம் வாங்கிய பயிற்சியாளர் அணி ஒன்று உருவாகவில்லை. வந்த பணம் முழுவதும் பதினோரு பேரின் கால்களில் போடப்பட்டது. கால்களுக்கு வயதாகும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்கு நிகரான ஒரு கதை, கொச்சி வெயிலில் கற்பனைக்கே எட்டாத ஒரு விளையாட்டிலிருந்து கிடைக்கிறது. கனடாவில் ஐஸ் ஹாக்கி தொழில்முறையாக மாறிய முதல் வருடங்கள். சம்பளம் கொடுத்து ஆடவைத்த முதல் லீக் 1904-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் செப்புச் சுரங்க ஊர்களை மையமாகக் கொண்டு எழுந்தது. சில வருடத்தில் கனடாவிலும் பணம் புகுந்தது. ஒன்டாரியோவில் ரென்ஃப்ரூ என்ற சிற்றூரின் பணக்காரக் குடும்பம் ஒன்று ஸ்டான்லி கோப்பையை விலைக்கு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தது. 1910 பருவத்தில் பன்னிரண்டு ஆட்டங்களுக்கு சைக்ளோன் டெய்லர் என்ற ஆட்டக்காரருக்கு 5,250 டாலர் கொடுத்தார்கள். அந்நாளில் அது அதிர்ச்சித் தொகை. லெஸ்டர் பாட்ரிக், அவர் தம்பி ஃபிராங்க் பாட்ரிக் என்ற இரு தடுப்பாட்டக்காரர்களையும் பெரும் தொகை கொடுத்து அழைத்து வந்தார்கள். ஊர் அணியை மக்கள் கோடீஸ்வரர்கள் என்றே அழைத்தார்கள். கோப்பை கிடைக்கவில்லை. அடுத்த பருவத்தோடு அணி இழுத்து மூடப்பட்டது. பெயர்களையும் நாணயத்தையும் மாற்றிவிட்டால் இது எஃப்.சி. கொச்சினின் வாழ்க்கைக் குறிப்பு, டுராண்ட் கோப்பை ஒன்று மட்டும் நமக்குக் கூடுதல்.

கதைகள் பிரிவது இதற்குப் பிறகு. லெஸ்டர் பாட்ரிக் அப்போது இருபதுகளின் பிற்பகுதியில் இருந்தார். மாண்ட்ரியல் வாண்டரர்ஸ் அணியில் 1906-இலும் 1907-இலும் ஸ்டான்லி கோப்பை வென்றவர். தடுப்பாட்டக்காரர் தன் எல்லையிலேயே நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை மீறி வட்டைத் தள்ளிக்கொண்டு எதிரணிப் பக்கம் பாய்ந்தவர்களில் முன்னோடி. ரென்ஃப்ரூவின் வீழ்ச்சியைப் பக்கத்திலிருந்து பார்த்த அண்ணனும் தம்பியும் அதில் ஒரு பாடம் படித்தார்கள். அப்பாவின் மரத் தொழிலை விற்ற பணத்தோடு பசிபிக் கரைக்குப் போய், சம்பளத்துக்கு முன் கட்டடம் கட்டினார்கள். விக்டோரியாவிலும் வான்கூவரிலும் இயந்திரத்தால் பனி உறைய வைக்கும் அரங்குகள் எழுந்தன. கனடாவில் அத்தகையவை அவையே முதல். வான்கூவர் அரங்கில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். 1911-இல் சொந்த லீக் தொடங்கி, அதில் ஆடினார்கள், பயிற்சியளித்தார்கள், விதிகளையும் எழுதினார்கள். நீலக்கோடு, வட்டை முன்னோக்கி அனுப்பும் அனுமதி, பெனால்டி ஷாட், பருவ முடிவில் வெற்றியாளர் சுற்று என இன்று ஹாக்கி என்றால் நினைவுக்கு வரும் பலவும் அந்தச் சகோதரர்களின் பட்டறையிலிருந்து வந்தவை. 1925-இல் லெஸ்டரின் விக்டோரியா அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த லீக் 1924-இல் இன்னொரு மேற்கத்திய லீக்கோடு கலந்தது, அதுவும் 1926-இல் படுத்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் அவருக்கு ஒரு தொழில் இருந்தது. அதே வருடம் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரைப் பயிற்சியாளராகவும் மேலாளராகவும் எடுத்துக்கொண்டது. 1928 இறுதிப்போட்டியில் கோல்காப்பாளர் கண்ணில் அடிபட்டு வெளியேற, 44 வயதுப் பயிற்சியாளர் தாமே கவசம் மாட்டிக்கொண்டு கோல்முகத்தில் நின்று அந்த ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். கோப்பையும் அவர்களுக்கே. அமெரிக்கர்கள் இந்த ஒரு மாலையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட, அவர் 1946 வரை அதே நிறுவனத்தில் இருபது வருடம் சம்பளம் வாங்கினார் என்பது பெரிய செய்தி.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, பாட்ரிக் பணக்கார வீட்டுப் பிள்ளை, அப்பாவிடம் மரக் கம்பெனி இருந்தது, சாலக்குடிக்காரருக்கு என்ன இருந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தனிமனித சாகசத்தால் எல்லாம் நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை, பாட்ரிக்கின் கதையும் அதைச் சொல்லவில்லை. ஆனால் கொச்சியிலும் பணம் இருந்ததே. 1997-இல் ஒரு கிளப்பை எழுப்பும் அளவுக்கு இருந்தது, 2014-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் கிளப் வந்தபோது அதைவிடப் பல மடங்கு இருந்தது. அரங்கு கட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. கலூரில் அரசு அமைப்பான கொச்சி வளர்ச்சி ஆணையமே கட்டி வைத்திருந்தது. வேறுபாடு பணத்தின் அளவில் இல்லை, அதை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் மேசையில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதில் இருந்தது. பசிபிக் கரையில் அந்த மேசையில் ஆடி முடித்த தடுப்பாட்டக்காரர்கள் இருந்தார்கள். கால் எத்தனை வருடம் தாங்கும் என்பது அவர்களுக்குத் தம் உடம்பாலேயே தெரியும். கொச்சியில் பயிற்சியாளரைக் கூப்பிட்டது கடைசியில், அணியை வாங்கி முடித்த பிறகு.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. போலீஸ், வங்கி, ரயில்வே, துறைமுகம் என்று வேலை கொடுத்த பழைய முறையே நல்லது, பென்ஷனாவது உண்டு, தொழில்முறை என்ற பெயரில் அதையும் இழக்க வேண்டுமா என்பது அது. களமசேரியின் பிரீமியர் டயர்ஸ், உத்யோகமண்டலின் ஃபாக்ட், திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி ஆகிய நிறுவன அணிகள்தான் இந்த மாநிலத்தின் கால்பந்தைப் பல பத்தாண்டு சுமந்தன என்பது உண்மை. ஐ.எம். விஜயன் நாடு முழுவதும் ஆடிவிட்டு, போலீஸ் அதிகாரியாகவே 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றார். அந்தப் பாதுகாப்பை இகழ எனக்கு மனம் வரவில்லை. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) திடீரென்று நிறுத்திவைக்கப்பட்டு, சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்தியபோது, வங்கி வேலையின் அருமை பல இளைஞர்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அந்த முறையில் வேலை ஆட்டத்துக்காகக் கொடுக்கப்பட்டது, பதவி உயர்வு ஆட்டத்துக்குச் சம்பந்தமில்லாத ஏணியில் இருந்தது. ஆடி முடித்தவர் காவல் நிலையத்துக்கோ கவுன்டருக்கோ போனார். அவர் தலைக்குள் பதினைந்து வருடமாகச் சேர்ந்த அறிவு அவரோடு பென்ஷனுக்குப் போயிற்று. சாத்துண்ணி போல அதை விற்கத் துணிந்தவர் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது.

வி.பி. சத்யனை இந்த இடத்தில் பேசாமல் இருக்க முடியாது, தமிழ் வாசகர்களுக்கும் அவர் உரியவர் என்பதால் இன்னும் கூடுதலாக. கண்ணூர் மாவட்டத்திலிருந்து வந்து, இந்தியாவின் பின்களத்தை ஆண்டு, தேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர். 1992-இல் கோயம்புத்தூரில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியில் கோவாவை 3-0 என வென்று கேரளம் இரண்டாம் முறை கோப்பை வாங்கியபோது அணித்தலைவர் அவர்தான். கொல்கத்தாவில் ஆடினார், பிறகு சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் ஆட்டக்காரராகவும் அதன்பின் பயிற்சியாளராகவும் இருந்தார். 2006 ஜூலை 18 அன்று பல்லாவரம் ரயில் நிலையத்தில் அவர் இறந்தபோது வயது 41. பன்னிரண்டு வருடம் கழித்து ஜெயசூர்யா நடித்த மலையாளப் படம் அவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. ஒரு மனிதரின் சாவுக்கு விளையாட்டு நிர்வாகத்தைக் காரணமாக்கும் உரிமை எனக்கில்லை, ஒரு வாதத்துக்கு அதைப் பயன்படுத்துவது அநாகரிகமும்கூட. அவர் வாழ்ந்த காலத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். தேசிய அணியின் முன்னாள் தலைவர், தடுப்பாட்டத்தை நாட்டிலேயே நன்கு அறிந்த ஒரு சிலரில் ஒருவர். கேரளத்தின் ஒரு கிளப்பும் அவரை அழைத்து, இந்த மாநிலத்துச் சிறுவர்களுக்குப் பின்களம் என்றால் என்னவென்று பத்து வருடம் சொல்லிக் கொடு, அதுவே உன் வேலை என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய கிளப் ஒன்று அப்போது இருக்கவும் இல்லை. கனடாவின் கணக்கிலும் இப்படி ஒரு பெயர் உண்டு. பாட்ரிக்கின் சக தடுப்பாட்டக்காரர் ஹாட் ஸ்டூவர்ட், மிச்சிகன் லீக்கில் ஆடி, அணியை நடத்தியும் பழகியவர், கோப்பை வென்ற சில மாதத்தில், 1907 கோடையில், நீரில் பாய்ந்தபோது அடிபட்டு இறந்தார். குடும்பத்துக்கு உதவ 1908 ஜனவரியில் மாண்ட்ரியலில் தேர்ந்தெடுத்த வீரர்களைக் கூட்டி ஓர் ஆட்டம் ஆடினார்கள். விளையாட்டு உலகின் முதல் நட்சத்திர ஆட்டங்களில் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் தங்களைத் தொழிலாளர்களாக எண்ணத் தொடங்கியதன் அடையாளம் அது. நம்மிடம் இரங்கல் கூட்டங்கள் உண்டு.

வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் தரத்தைக் கொண்டுவருகிறார்கள், உரிமம் உள்ளவர்கள், உள்ளூர் பாசத்துக்காக ஆட்டத்தைக் கெடுக்க முடியாது என்பதுதான் இன்று அதிகம் கேட்கும் மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. கொச்சியில் இவான் வுகோமனோவிச் பிளாஸ்டர்ஸ் அணியைக் கட்டி எழுப்பியதைப் பார்த்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் தர வாதத்தை அதன் வார்த்தையிலேயே எடுத்துக்கொண்டு சோதிப்போம். ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-இல் சென்னையின் அணிக்கு ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக வந்தவர் மார்கோ மடெராட்சி. இத்தாலியின் உலகக் கோப்பை தடுப்பாட்டக்காரர், ஆனால் அதற்கு முன் ஒரு கிளப்புக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவரல்ல. அவருக்கு முதல் வேலை சென்னையில் கிடைத்தது. கற்றுக்கொள்ள ஒரு வருடம் கொடுத்தார்கள், அடுத்த வருடம் கோப்பை வென்றார். அருமை. அனுபவம் இல்லாத பின்களத்துக்காரரை நம்பி அணியை ஒப்படைக்கலாம் என்று நம் கிளப்புகளுக்கே தெரிந்திருக்கிறது என்பதுதானே இதன் பொருள்? அந்த நம்பிக்கை ஏன் ஒரு சாலக்குடிக்காரருக்கோ காயல்பட்டினத்துக்காரருக்கோ நீளவில்லை? ஐ.எஸ்.எல். தொடங்கி ஏழு வருடம் கழித்து, 2021-இல்தான் காலித் ஜமீல் ஒரு கிளப்பின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் ஆனார். அதுவும் நார்த் ஈஸ்ட் அணியை நடுப் பருவத்தில் தற்காலிகமாக ஏற்று, அரையிறுதிவரை இட்டுச்சென்ற பிறகு. 2025 ஆகஸ்டில் அவரே இந்திய அணிக்குப் பயிற்சியாளர். தரம் எங்கிருந்து வரும் என்பதை முன்கூட்டித் தீர்மானித்துக்கொண்டவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். சாத்துண்ணி மறைந்து மூன்று மாதத்தில், 2024 செப்டம்பரில், சூப்பர் லீக் கேரளா ஆறு அணிகளோடு தொடங்கியது. ஃபோர்கா கொச்சி, காலிக்கட், கண்ணூர், மலப்புறம், திருச்சூர், திருவனந்தபுரம் என எல்லாம் கேரள ஊர்கள். ஆறு அணிகளுக்கும் தலைமைப் பயிற்சியாளர்கள் வெளிநாட்டவர். உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லையா என்று கேட்டால், ஒருவர்கூட இல்லை.

தடுப்பாட்டக்காரர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவார் என்று நான் விதி வகுக்கிறேனா என்றும் கேட்கலாம். இல்லை. 1973 கோப்பை அணிக்குப் பயிற்சியளித்த சைமன் சுந்தர்ராஜ் முன்கள வீரர், ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர். ஹைதராபாத் ரஹீம் சாகிப், 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர், அடிப்படையில் பள்ளி ஆசிரியர். நிலை முக்கியமல்ல. பெயர் விற்காத ஒருவருக்கும் இடமளிக்கும் அமைப்பா என்பதே அளவுகோல். அந்த அமைப்பு இல்லாத இடத்தில் தர்மம் அதன் இடத்தை நிரப்புகிறது. தேவராவிலிருந்து வெண்டுருத்திப் பாலம் ஏறி, வில்லிங்டன் தீவைக் கடந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போனால் பரேட் மைதானம். ரூஃபஸ் டிசூசா அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடிகாலையில் வந்து, மட்டாஞ்சேரிப் பக்கத்துச் சிறுவர்களுக்குக் காசு வாங்காமல் கால்பந்தும் ஹாக்கியும் சொல்லிக் கொடுத்தார். அவரைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அவர் தியாகத்தைப் புகழ்ந்து நாம் தப்பித்துக்கொண்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஐம்பது வருடம் தேசிய அணிக்கு ஆட்களை அனுப்பிய ஓர் இடத்தில் சம்பளம் வாங்கும் பயிற்சியாளர் பணியிடம் ஒன்றை உருவாக்க மாநகராட்சிக்கும் தோன்றவில்லை, எந்தக் கிளப்புக்கும் தோன்றவில்லை.

செய்யக்கூடியது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. கலூர் ஸ்டேடியம் கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. அதை வாடகைக்குக் கேட்டு வரும் எந்தத் தொழில்முறை அணியோடும் ஆணையம் ஒப்பந்தம் போடுகிறது. அதில் தேதி உண்டு, தொகை உண்டு, சேதத்துக்கு ஈடு உண்டு. பதினைந்து வயதுக்குட்பட்டோர், பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிகளுக்கு இந்த மாநிலத்தில் ஆடி ஓய்வு பெற்ற, உரிமம் உள்ள அல்லது உரிமத்துக்குப் படிக்கும் இரண்டு பயிற்சியாளர்களைக் குறைந்தது மூன்று வருட ஒப்பந்தத்தில் வைத்திருக்க வேண்டும், தலைமைப் பயிற்சியாளர் மாறினாலும் இவர்கள் மாறக் கூடாது என்று இன்னொரு பிரிவு சேர்க்கலாம். சூப்பர் லீக்கை நடத்தும் கேரள கால்பந்து சங்கம் அதே நிபந்தனையை ஆறு அணிகளுக்கும் விதிக்கலாம். செலவு தாங்காது என்று கிளப்புகள் சொல்லும். ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் பருவச் சம்பளத்தோடு அந்த இரண்டு பேரின் சம்பளத்தை ஒப்பிட்டு அவர்களே ஒரு தாளில் எழுதிக் காட்டட்டும். கையெழுத்தாகும் முன் அந்தத் தாளை ஆணையம் கேட்டு வாங்கலாம்.